தனியாள் என்று எழுதிய சீட்டு

பினாங்குக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் நாகப்பட்டினத்து முகாமில் பெண்பிள்ளைகளைத் தனித்தனியாக ஓர் அறைக்குள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று சட்டம் வந்திருந்த சமயம். என்னை அழைத்துவர வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து அனுப்பியிருந்த கங்காணியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

"யாருகிட்டப் போறே?" என்று குமாஸ்தா கேட்டார்.

"வீட்டுக்காரருகிட்ட. சுங்கை சிப்புட்டு."

"அவரு பேரு?"

நான் தரையைப் பார்த்தேன். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் பக்கத்தில் இருக்கிற யாராவது சொல்லிவிடுவது வழக்கம். அந்த அறையில் பக்கத்தில் ஒருவரும் இல்லை. குமாஸ்தா இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். பிறகு 'தனியாள்' என்று எழுதி, என் கட்டைவிரலை மையில் அமுக்கிவிட்டார். அங்கே போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்றார் கங்காணி.

நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பினாங்குக்கு எதிரே ஒரு தீவில் எங்களை அடைத்து வைத்திருந்தபோது கங்காணிக்குக் காய்ச்சல் கண்டது. அவர் அந்தத் தீவை விட்டு வெளியே வரவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சேதியெல்லாம் கங்காணி வாயால் வந்ததுதான். அதனால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாமல் போனார்கள். என் சீட்டைப் பார்த்துவிட்டு, ஆள் பற்றாத ஒரு தோட்டத்துக்குப் போகிற கும்பலில் சேர்த்தார்கள். கோப்பெங் என்கிற ஊரைத் தாண்டி இருந்தது அந்தத் தோட்டம்.

ரயில் சுங்கை சிப்புட்டில் நின்றது. கப்பலில் முகம் பழகிய இரண்டு குடும்பங்கள் இறங்கின. நானும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"ஒன் சீட்டு இந்த ஊருக்கு இல்ல, ஒக்காரு" என்றார் பட்டியல் வைத்திருந்தவர்.

உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. ஈப்போ வரைக்கும் மூட்டையை மடியிலேயே வைத்திருந்தேன்.

தோட்டத்தில் புல் வெட்டுகிற வேலை. விடியும் முன்னே பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள், அதற்கு 'ஓய்' என்று குரல் கொடுப்பேன். மற்றபடி பேச்சு என்று நாள் முழுக்க ஒன்றும் இருக்காது. கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லா வீட்டிலும் சாயங்காலம் சத்தமாக இருக்கும். என் அறையில் நான் கதவைச் சாத்திக்கொண்டு சோறு பொங்குவேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் ஒருநாள் என்னைத் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியிடம் இழுத்துப் போனாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர் இல்லை.

"தோட்டம் எதெண்டு தெரியுது. அங்க நூத்துக்கணக்கில சனம். பேரைச் சொல்லு பிள்ளை, கடுதாசி போடுறன். அவர் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"சாமி பேரா?" என்றாள் அக்கா. தலையாட்டினேன். "எந்தச் சாமி?"

"மலை மேல நிக்கிறவரு."

"அவருக்கே ஆறேழு பேரு இருக்குலா" என்று சிரித்தாள். பிறகு அதில் ஒன்றைச் சொல்லி, "இதானே?" என்றாள். அது இல்லை. ஆனால் ஓர் ஆண்பிள்ளை முன்னால் நின்று இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்களாம். ஒருவர் பெண்டாட்டியோடு இருக்கிறார், மற்ற இருவருக்கும் கல்யாணமே ஆகவில்லை.

"அந்த ரெண்டு பேருல ஒண்ணைப் பிடிச்சுக்கிறியா?" என்றாள் அக்கா. லயமே சிரித்தது. நான் அதற்கப்புறம் கிராணி வீட்டுப் பக்கம் போகவில்லை.

மழைக்காலம் வந்து போனது. எனக்கும் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்திருந்தேன். அக்கா கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். நான் இங்கேயே செத்துப்போனால் இன்னாருடைய பெண்சாதி என்று எழுதக்கூட ஆள் இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் தனியாகவே போனேன்.

"ஐயா, பென்சில் குடுங்க."

கொடுத்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். பெயரை எழுதினேன். அவர் தாளையும் என்னையும் பார்த்தார்.

"எழுத்துத் தெரிஞ்சுகொண்டே பெருவிரல் வைச்சனீ?"

"எல்லாரும் வச்சாங்க" என்றேன்.

பதில் இந்தத் தடவை சீக்கிரம் வந்தது. அப்படி ஒருவர் இருந்தார், பெண்சாதி வரவில்லை என்று அவரே போன மாதம் கூட்டிவரக் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்று எழுதியிருந்தார்கள். கிராணி அதை மெதுவாக, இரண்டு தரம் வாசித்தார். நான் இருக்கிற தோட்டத்தின் விலாசத்தை ஊருக்கு எழுதிப்போட்டேன். மறுநாள் பெரட்டுக்குப் போனேன்.

அடுத்த மழைக்குத்தான் அவர் வந்தார். இளைத்திருந்தார். ஊரில் நான் யாருடனோ போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்களாம். அதை ஒரே தடவைதான் சொன்னார். சோறு போட்டேன். பாதி சாப்பிட்டபின் கேட்டார்.

"நான் போன பெறகு எழுதியிருக்கே. ஒரு மாசம் முன்னாடி எழுதியிருக்கக் கூடாதா?"

உங்கள் ஆயுசுக்குப் பயந்து என்று நான் சொல்லியிருக்கலாம். அது பாதிதான் நிஜம். மீதி, என் கூச்சம். நான் குழம்பை ஊற்றினேன். அவர் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, நாளைக்குத் தனக்கும் இங்கே வேலை உண்டா என்று கேட்க, வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் வீட்டுக்குப் போனார்.