ஏரிக்குள் ஒரு ரட்சகன்

“…அந்த ஏரியில குளிக்கிற பிள்ளைக்குத்தான் உலக ரட்சகன் பிறப்பானாம், அதோட உலகம் முடியுமாம். நீ நீந்தப் போகவேண்டாம், பிள்ளை,” என்று அம்மா அக்காவிடம் சொன்னார்.

இன்று ஒன்ராறியோ ஏரிக்கரையில் பாசி வாடை அடித்ததும் அந்தப் பேச்சுத்தான் நினைவில் வந்தது. அப்போது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பார்சி அன்ரி, சந்தனப் புகைக்குள் புதினாத் தேநீர் ஊற்றியபடி, தங்கள் தீர்க்கதரிசி சரத்துஸ்திரரின் வித்து ஓர் ஏரிக்குள் காவலில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். எதையும் மோந்து பார்த்தே நம்புகிற அம்மாவுக்கு அன்றிலிருந்து எல்லா ஏரியிலும் சந்தேகம். இருபத்திரண்டு வயது அக்காவோ வேலைத்தலச் சிநேகிதிகளோடு இதே ஏரியில் நீந்த ஒரு மாதமாகக் காத்திருந்தாள்.

“அது ஈரான் பக்கத்து ஏரி அம்மா.”

“தண்ணி என்ன, விசா எடுத்தே போய் வாறது?”

“ரட்சகன் வந்தால் நல்லதுதானே?”

“வரட்டும், எங்கட வீட்டில வேண்டாம். ஊரைக் காக்கப் போன பிள்ளையளைப் பெத்த வீடுகளை நான் பாத்தனான்.”

அக்கா துவாயைப் பைக்குள் திணித்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தனக்கொரு மாற்றுச்சேலையை மடித்து அவளுடைய பைக்குள் வைத்தார். முதலில் தானே ஏரிக்குள் இறங்கிப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.