ஓர் ஈசலாம்பரம் ஆசை

கிருஷ்ணராஜுக்குத் தமிழில் ஒரு பரம எதிரி உண்டு. அது 'க'. பெற்றவர்கள் அதையே தேடிப் பிடித்து அவன் பெயருக்கு முன்னால் வைத்தார்கள் பாருங்கள், அவர்களை என்ன சொல்வது! யாராவது பெயர் கேட்டால் "க்... க்..." என்று தொண்டை அடைத்து நின்றுவிடுவான். கேட்டவருக்குப் பொறுமை போய், "குமாரா? கணேசனா? கருணாவா?" என்று தானே அடுக்கத் தொடங்கிவிடுவார். முப்பத்தொரு வயதுக்குள் அவனுடைய பேச்சில் பாதியை ஊர்தான் பேசி முடித்திருந்தது. எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். அந்த நல்லெண்ணத்தில் அவனுக்கு எத்தனை நாள் எரிச்சல் மூண்டிருக்கிறது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இலங்கையில், புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் அவன் பால் வெட்டுகிறவன். றப்பருக்கும் மழைக்கும் ஆகாது. பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால், பால் சிரட்டைக்குள் விழாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். அதனால் மழைக் காலையில் ஆணும் பெண்ணுமாக எல்லாரும் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்துக் கொட்டகையில் குந்தியிருப்பார்கள். கங்காணி வெளியே போய் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, வெட்டு உண்டா இல்லையா என்று சொல்லும்வரைக்கும் வீட்டுக்கும் போக முடியாது, மலைக்கும் போக முடியாது. அந்தத் தோட்டத்தில் மழைக்கா பஞ்சம்? காத்திருக்கிறதே பாதி வேலை.

போன வருடம் வைகாசி மழையில், வாய் சும்மா இருக்க மாட்டாத தோமஸ்தான் ஆரம்பித்து வைத்தான். தோமஸ் லயத்து வரிசைக் குடியிருப்பில் கிருஷ்ணராஜின் பக்கத்துக் காம்பராக்காரன், சிநேகிதன். ஊர் பேசி முடித்த அந்தப் பாதிப் பேச்சில் பெரும் பங்கு அவனுடையது.

"இந்த மழையில எத்தன துளி இருக்கும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க பாப்பம்."

ஒருத்தி ஆயிரம் என்றாள். ஒருத்தர் லட்சம் என்றார். முறை கிருஷ்ணராஜிடம் வந்தது. கோடி என்று சொல்லத்தான் வாயெடுத்தான். "க்... கோ... க்..." கொட்டகையே தரையைப் பார்த்தது. "கோடின்னு சொல்ல வர்றான்," என்று தோமஸ் முந்திக்கொண்டான். வந்ததே கோபம் கிருஷ்ணராஜுக்கு!

"இல்ல! சிரட்டாங்கு!"

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து விழுந்தது. அவனே திகைத்துப் போனான்.

"அது என்னடா கூத்து?" என்றான் தோமஸ்.

அப்போதுதான் எதிர்மூலையில் இருந்த விஜயகலா எழுந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள்தான். எதையும் சும்மா விடாத பெண்.

"பேரு வச்சா மட்டும் ஆச்சா? எவ்வளவு பெருசுன்னு காட்டுங்க."

அவன் வெட்கத்தோடு மூலையில் கிடந்த சிரட்டையைக் காட்டினான். "ஒண்ணு எழுதுங்க. அதுக்குப் பின்னால, நம்ம தோட்டத்துல ஒவ்வொரு மரத்துலயும் ஒரு சிரட்ட இருக்குல்ல, அத்தன பூச்சியம் போடுங்க. மேல இருந்து பாத்தா சிரட்ட பூச்சியந்தானே?"

விஜயகலா மலையைப் பார்த்தாள். வரிசை வரிசையாக மரங்கள் மேகத்துக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

"ஷா!" என்றாள், சிங்களத்துப் பிள்ளைகள் மாதிரி. "அப்ப கோடிங்கிறது வெறும் ஏழு சிரட்டதான். ஒரு வரிசைக்கே காணாது!"

அவன் வயதுக்கு யாரும் அவனை அப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. மழை வந்தால் புது எண் வரும். தோட்டத்தில் ஒரு மழை நாளில் மனுசர் காலில் ஏறும் அட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சியம் போட்டால் அது அட்டமுட்டம். அடைமழை விட்ட மாலையில் புற்றிலிருந்து கிளம்பி லயத்து பல்ப்பையெல்லாம் மறைக்கும் ஈசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சியம் போட்டால் ஈசலாம்பரம். இந்தப் பெயர்களில் அவன் நாக்கு திக்கியதே இல்லை. ஏன் திக்க வேண்டும்? அவனே உண்டாக்கிய சொல். அது எப்படி வர வேண்டும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை.

ஒருநாள் 'வாக்குருட்டி' என்று ஒன்றைக் கொண்டுவந்தான். தேர்தலுக்குத் தேர்தல் லயத்துக்கு வந்து, தனி வீடு கட்டித் தருகிறோம் என்று கொடுத்துவிட்டுப் போன வாக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சியம். கங்காணி உட்பட எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஜயகலா மட்டும் தலையாட்டினாள்.

"செல்லாது. எத்தன பூச்சியம் அடுக்கினாலும் முன்னுக்கு ஒரு ஒண்ணு வேணுமே. ஒரு வீடாச்சும் வந்திச்சா?"

தோற்றுப்போனான் கிருஷ்ணராஜ். அன்றைக்கே அவள்மேல் மனசையும் பறிகொடுத்தான். மழை பெய்யாதா என்று விடிகாலையில் வானத்தைப் பார்க்கும் பால்வெட்டுக்காரனைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வருடம் அங்கே ஒருத்தன் இருந்தான்.

இந்த வருடம் அதே மழைக்காலத்தில் செய்தி வந்து இடியாக இறங்கியது. விஜயகலாவுக்கு பியகமவில் கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போகிறாள். அவளே கொட்டகையில் எல்லாருக்கும் டொஃபி கொடுத்துச் சொன்னாள். கிருஷ்ணராஜுக்கு வாயிலிருந்த டொஃபி கசந்தது. கொழும்புப் பக்கம் போன பெண்ணை அங்கேயே எவனாவது கேட்டுக்கொண்டு போய்விட்டால்? இன்றைக்கே சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய வார்த்தையோ 'கட்டிக்கிறீங்களா'. 'க'வில் தொடங்கி வழியெல்லாம் 'க'. கடவுளே!

வெளியே மழை, உள்ளே விளையாட்டு. அவன் முறை வந்தது. எழுந்து நின்று, ஒரே மூச்சில் சொன்னான்:

"விஜி, உங்க மேல எனக்கு ஓர் ஈசலாம்பரம் ஆச."

கொட்டகை அதிர்ந்தது. விசில் பறந்தது. விஜயகலா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அய்யோ, இன்னைக்கு நீங்கதான் ஜெயிச்சிட்டீங்க!" என்று மீதி டொஃபியையெல்லாம் அவன் கையில் கொட்டினாள். அவ்வளவுதான். அடுத்த ஆளின் முறை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, உண்மையாகத்தான் சொன்னேன், ஓர் ஈசலாம்பரம், என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பதிலுக்கு வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள் வந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தான். பெரிய பெரிய எண்ணாகச் சொல்லியும் ஒரு பைசாவுக்கு மதிக்கவில்லையே என்று நெஞ்சு வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த தோமஸ், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அட கூமுட்ட! ஊரே குந்தியிருந்து சிரிக்கிற எடத்துல, வெளையாட்டுல, வெளையாட்டு எண்ணுல சொன்னா எவடா நம்புவா? நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

"அ... அதுல சொன்னாத்தான் எனக்கு வா... வாய் வருது."

"வாய் வருது, சரி. பொண்ணு வரலியே!"

கிருஷ்ணராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோமஸுக்கே பாவமாகிவிட்டது. "நான் போய் சொல்லட்டுமா?" என்றான். வேண்டாம் என்று கிருஷ்ணராஜ் கையெடுத்துக் கும்பிட்டான்.

திங்கட்கிழமை பார்த்து வானம் பளிச்சென்று விடிந்தது. பட்டையெல்லாம் காய்ந்து, வெட்டுக்கு அருமையான நாள். கிருஷ்ணராஜ் முதல் வரிசையை முடித்திருப்பான். கீழே வளைவில் புளத்கொகுபிட்டிய பஸ்ஸின் ஹோன் சத்தம் மெல்லக் கேட்டது. கத்தியை இடுப்பில் செருகினான். மரங்களுக்கு நடுவே இறங்கி ஓடினான். "டேய், பேர் போட மாட்டேன்!" என்று கங்காணி கத்தினார். பேர் இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. போகட்டும்! அடுத்த மலையில் இதைப் பார்த்த தோமஸும் வாளியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான். அவனுக்கு ஒரு பேரைவிட வேடிக்கை பெரிது.

சந்தியில் விஜயகலா பையோடு தனியாக நின்றாள். அப்பாவிடம் வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். இரைக்க இரைக்க வந்து நின்றவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன, புது எண் ஒண்ணு வந்திருச்சா?"

நாக்கு நுனியில் ஒன்று வந்துதான் நின்றது. நல்ல எண், இதுவரை யாரும் கேட்காதது, வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். அவளும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறியிருப்பாள். அவன் அதை விழுங்கினான்.

"இ... இல்ல. என்னய க்... க்..."

பஸ் வளைவில் தலை காட்டியது. கிருஷ்ணராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்தது. வெட்கத்தில் செத்துப் போகலாம்போல இருந்தது. ஆனாலும் அவன் கண்ணை அவளிடமிருந்து எடுக்கவில்லை. மூச்சு வாங்க வந்து சேர்ந்த தோமஸுக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, இவன் என்ன சொல்ல வர்றான்னா..."

"நீங்க சும்மா இருங்க அண்ணே!" விஜயகலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரிப்பு அவள் முகத்தைவிட்டுப் போயிருந்தது. "அவரு சொல்லட்டும்."

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் சிங்களத்தில், "தங்கச்சி, ஏறு, ஏறு," என்று கத்தினான். "பொட்டக் இந்ட அய்யே," கொஞ்சம் நில்லுங்கள் என்று அவள் கையைக் காட்டினாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலெல்லாம் முகம்.

"என்னய... க்... க்... கட்... கட்டிக்... கட்டிக்கிறீங்களா?"

சொல்லி முடித்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது. ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள்.

விஜயகலா பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் வேலைக்குப் போவேன். அத விட முடியாது."

"போ... போங்க."

"தீவாளிக்கு வருவேன். அதுக்கு முந்தி வீட்டுக்குப் போய் எங்க அப்பாகிட்ட கேளுங்க. நீங்களே கேக்கணும். எவ்வளவு நேரமானாலும் அப்பா இருந்து கேப்பாரு, நான் சொல்லி வைக்கிறேன். தோமஸ் அண்ணனையும் கூட்டிட்டு போங்க. பேச மட்டும் விட்றாதீங்க."

ஏறிவிட்டாள். பஸ் திரும்பி மறையும்வரை ஜன்னலில் அவள் கை வெளியே இருந்தது.

தோமஸ் சற்றுத் தள்ளி நின்றதால் பஸ் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓடி வந்து சட்டையைப் பிடித்தான்.

"என்னடா சொன்னா? சொல்லுடா!"

"அவங்க... அ... அப்பாகிட்ட... க்... க்..."

தோமஸ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றான்.