முகாம் கதைக்கு வந்த திருத்தங்கள்

பிறர் துன்பத்தை எழுதினால் பாராட்டும் உலகம், சொந்தத் துன்பத்தை எழுதினால் திருத்தம் சொல்ல வந்துவிடுகிறது. வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதும் அன்பர்களே, நீங்களும் இதை அனுபவித்திருப்பீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான், ஏழு வயதில் எனக்கு நேர்ந்ததைக் கதையாக்க முனைந்தேன். கப்பலிலிருந்து இறங்கியதும் கிள்ளான் துறைமுகத்தருகே நோய்த்தடுப்பு முகாமில் எங்களை அடைத்தார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டது. நோயுற்ற பிள்ளையின் குடும்பம் முழுவதும் உள்ளேயே இருக்க வேண்டும் என்றார்கள். கைக்குழந்தையான தங்கையை இடுப்பில் வைத்திருந்த அம்மா, "இது எம் புள்ள இல்ல" என்று என்னைச் சுட்டிச் சொல்லிவிட்டு வெளியேறினாள். குணமான பிறகு, எங்களைக் கூலிக்கு அழைத்துவந்த கங்காணி, அம்மா வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் சொல்லைப் பற்றி வீட்டில் எவரும் பின்னர் வாய் திறக்கவில்லை.

சித்தியின் முறையீடு

எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். கிள்ளானில் தங்கையோடு இருக்கும் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆயினும் தங்கை பத்திரிகையை வாரந்தோறும் உரக்கப் படிப்பாள். ஆகவே கதையில் அம்மாவைச் சித்தியாக்கிவிட்டேன்.

கண்ணீரை எதிர்பார்த்துத் தாளை மடித்தேன். இரண்டாந் தாரமாக வந்து மூத்தவளின் பிள்ளைகளை வளர்க்கும் மேஸ்திரி மனைவி, வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "ஏன் டீச்சரம்மா, கெட்டது செய்யணும்னா ஒங்களுக்குச் சித்திதான் கெடைச்சாளா? பெத்தவ ஒருத்திகூட அகப்படலியா?"

ஆசிரியரின் ஐயம்

அகப்பட்டிருந்தாள். அன்றே சித்தியை நீக்கிப் பெற்றவளை அமர்த்தினேன். கதை நிமிர்ந்து நின்றது.

பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவில் தாய் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றார். நடக்காததை எழுத இயலாது என்றேன். துடைத்த கண்ணாடியை அவர் மீண்டும் துடைத்தார். "நடந்ததா? அப்ப இன்னும் மோசம், அம்மா. அந்தப் பெத்தவங்க இதக் கேட்டாங்கன்னா சோறு எறங்குமா?"

கிள்ளானில் ஒரு ஞாயிறு

அந்தக் கேள்விதான் என்னைக் கிள்ளான் ரயிலில் ஏற்றியது. அம்மா வேண்டாமென்றால் கதையைக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் எதிரே அமர்ந்து, குரல் தடுமாறாமல் படித்தேன். பச்சைப் பாவாடை கட்டிய சிறுமி, கம்பி வேலி, அந்தச் சொல் என எதையும் மென்மையாக்கவில்லை.

அம்மாவின் கை நின்றது, தலை நிமிரவில்லை.

"பச்சை இல்லடி, செவப்பு. சாயந்தரமெல்லாம் தோட்டத்துலேர்ந்து வந்து, வேலிக்கு வெளிய பொதருக்குப் பின்னால நின்னு அதத்தான பாத்துக்கிட்டிருந்தேன். முன்னால வந்தா நீ அம்மான்னு கூப்பிட்டிருப்ப, தங்கச்சியையும் சேத்து உள்ள போட்டிருப்பானுங்க. பேப்பர்ல போட்டுக்க, போ. பாவாடைய மட்டும் மாத்திரு."

சொந்தத் துன்பத்தை எழுதப் புகுவோர், அச்சுக்கு அனுப்புமுன் வேலிக்கு வெளியே நின்றவரிடமும் ஒருமுறை படித்துக் காட்டிவிடுவது நலம். நிறமாவது பிழையின்றி அமையும்.