துண்டுக்கு ஒரு சொந்தக்காரர்

ஒரு துண்டுக்காக நான் பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் என் துண்டு இல்லை.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டிக்குள் எப்படியோ முண்டியடித்து, இருவர் உட்காரும் இருக்கையில் நடைபாதைப் பக்கம் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சன்னலோரத்தில் ஒரு துண்டு கிடந்தது. நம் பக்கத்தில் பட்டா நிலத்துக்குக்கூட வழக்கு வரும். பஸ்ஸில் துண்டு போட்ட இடத்துக்கு வராது.

முதலில் ஒருவர் கேட்டார். “ஆள் இருக்கா சார்?”

“தெரியலைங்க, துண்டு கெடக்குது” என்றேன். அதுவரை நான் யோக்கியன்.

அடுத்தவர் கேட்டபோது, “ஆள் வருதுங்க” என்றேன். மூன்றாவதாக வந்தவர் கல்யாணத்துக்குப் போகிறவர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. “யாரு வர்றாங்க?” என்று குறுக்கு விசாரணை செய்தார். துண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. ஆகவே இப்போதுதான் முகம் கழுவியிருக்கிறார். டீசல் வாசனை அடித்தது. ஆகவே லாரித் தொழில். இத்தனை தெரிந்த பிறகு ஆளே இல்லை என்று எப்படிச் சொல்வது?

“ஒரு பெரியவருங்க. டீ குடிக்கப் போயிருக்காரு.”

வெள்ளைச் சட்டை மனமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலேயே நின்றார்.

அப்போதுதான் அந்த அம்மா ஏறினார். அறுபது வயதிருக்கும். வலது காலில் கணுக்கால் தெரியாமல் கட்டு.

“தம்பி, வரப்புல வழுக்கி வுழுந்துட்டேன். கால ஊனக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. செத்த ஒக்காந்துக்கறேன், அவரு வந்தா எந்திரிச்சுடறேன்.”

இதைவிட நியாயமான கோரிக்கை இருக்க முடியாது. நான் வாயைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இல்லாத இடம் இன்னொருவருக்கு எப்படி வரும் என்பது அந்தப் பார்வை. கூட்டத்தில் சேர்ந்தால் மனிதன் தன் புத்தியைக் கழற்றிவைத்துவிடுகிறான் என்று புத்தகங்களில் படித்து, அந்த வரிகளுக்கு அடிக்கோடும் போட்டவன் நான்.

“வந்துடுவாரும்மா” என்றேன்.

வண்டி கிளம்பியது. உடனே பஸ்ஸே பெரியவருக்காகப் பதறியது.

“கண்டக்டரே! பெரியவரு டீக்கடையில நிக்கிறாராம், வுட்டுட்டுப் போறீங்களே!”

“பின்படியில ஏறியிருப்பாருய்யா.”

“துண்டு போட்ட பெரியவரே, முன்னாடி வாங்க! எடம் இருக்கு!”

பின்னாலிருந்து யாரும் வரவில்லை. கட்டுப்போட்ட காலைத் தரையில் படாமல் தூக்கி, இருக்கை முதுகைப் பிடித்தபடி நின்ற அந்த அம்மா சொன்னார்: “கூட்டத்துல வர முடியல போலருக்கு, பாவம்.”

பஸ்ஸில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. முன் சீட்டுக்காரர் அந்த அம்மாவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டைகூட, சிமெண்ட் லாரிக்கு ஒதுங்கி வண்டி குலுங்கியபோது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் இரக்கப்பட்டோம். துண்டை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. அந்த வண்டியில் நானும் அந்த அம்மாவும் மட்டும் இருந்திருந்தால், கேட்பதற்கு முன்பே அதைச் சுருட்டி வைத்திருப்பேன். இத்தனை பேர் மதிக்கும் ஒன்றை நான் ஒருவன் எப்படி மதிக்காமல் இருப்பது? அவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள். அவர்களாவது என் சொல்லை நம்பினார்கள். நானோ அவர்கள் நம்புவதைப் பார்த்து, பெரியவர் நிஜமாகவே பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரளி தாண்டியதும் மழை பிடித்தது. டிரைவர் முன்னாலிருந்து சத்தம் போட்டார். “யோவ், துணிய எங்கய்யா வச்ச? ரோடு தெரியல!”

கண்டக்டர் நெருக்கியடித்து வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டித் துண்டை எடுத்தார். “கண்ணாடி தொடைக்கிற துணி சார். காயட்டும்னு சன்னலோரமா போட்டேன்.” பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். “எடத்த வச்சுக்கிட்டு ஏம்மா நிக்கிறீங்க?”

பஸ் சிரித்தது. வெள்ளைச் சட்டை மட்டும் சிரிக்கவில்லை. நான் எழுந்து வழிவிட, அந்த அம்மா உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, காலை மெதுவாக நீட்டி, பெருமூச்சு விட்டார். கட்டுக்கு மேலே கால் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: “அப்ப டீ குடிக்கப் போனவரு யாரு தம்பி?”

எனக்கு மழையை வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதெல்லாம் எனக்குத் தத்துவம் இல்லாமல் கதை சொல்ல வராது. சூழ்நிலை எப்படி மனிதனின் கண்ணைக் கட்டுகிறது, ஒரு பஸ் நிறைய நல்லவர்கள் சேர்ந்து எப்படி ஒரு கந்தல் துணிக்குக் கட்டுப்படுகிறார்கள் என்று காபி ஆறும்வரை விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அதெல்லாம் சரிங்க. ஒங்க கால்லயும் கட்டு போட்டிருந்துச்சா?”