எந்த மேட்டுக்காடு?

“எந்தக் காடுங்க?” என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் மஞ்சுளா பேனாவின் மூடியைக் கழற்றுவாள். அதற்குள் தொலைபேசியில் பேசுகிறவர் தன் பெயர், பையன் பெயர், படிப்பு, நட்சத்திரம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்திருப்பார். அதெல்லாம் அவள் காதில் ஏறியிருக்காது. “பனங்காடுங்க” என்றோ “பள்ளக்காடுங்க” என்றோ தோட்டத்தின் பெயராக ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்தக் குடும்பமே கண்முன் வந்து உட்கார்ந்துவிடும். எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் எப்படி, பங்காளிகளுக்குள் வழக்கு உண்டா என்பது வரை தானாக நினைவுக்கு வரும்.

திருச்செங்கோட்டில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்கு உதிரி பாகம் விற்கும் கடையின் மாடியில் இருக்கிறது அவளுடைய வரன் தகவல் மையம். தரகர் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப்போகும். “தரகு மாட்டுக்குங்க. நாங்க தகவல்தானுங்க குடுக்கறோம்” என்பாள். கணவன் கதிர்வேல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவான். அவன் திரும்பும்போது மஞ்சுளா இரண்டு மூன்று கல்யாணமாவது முடித்து வைத்திருப்பாள். ஆனால் அந்தக் கல்யாணம் எதற்கும் அவள் போவதில்லை. மண்டபத்தில் அவள் தலையைக் கண்டால், மையத்தில் பார்த்த சம்பந்தமா என்று நாலு பேர் பேசுவார்கள். அது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். விருந்துச் சாப்பாட்டை மாடிக்கே கொடுத்தனுப்புகிறவர்கள் உண்டு. மறந்துபோகிறவர்களே அதிகம்.

இந்தப் பக்கம் இப்போது மாப்பிள்ளைகள் மலிந்து கிடக்கிறார்கள், பெண்தான் கிடைப்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். பையனைப் பெற்றவர்கள் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள். மஞ்சுளாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வரும், ஆற்றாமையும் வரும். “காடு வேணுமாம். காட்டுல நிக்கற மாப்பிள்ளை வேண்டாமாம். அப்பறம் காட்டை யாருங்க பாப்பாங்க, காக்காயா?” என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவாள்.

இந்தப் பஞ்சம் அவள் கம்ப்யூட்டரிலும் இருந்தது. பெண்களின் விவரங்கள் தனி ஃபோல்டரில், பெயரும் இனிஷியலும் போட்டு, பாங்கு லாக்கர் மாதிரி பத்திரமாக இருக்கும். ஆண்கள் ஊர் ஊராகப் பிரிந்து கிடப்பார்கள். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே ஒரு தாள். அதில் ஜாதகக் கட்டம், பக்கத்தில் போட்டோ, கீழே கூட்டம் என்கிற குலப்பிரிவு, குலதெய்வம், படிப்பு. அந்தத் தாளுக்கு அவள் வைக்கும் பெயர் காட்டின் பெயர்தான். ஊருக்கு ஒரு மேட்டுக்காடு இல்லாமல் இருக்காது, பள்ளக்காடு இல்லாமலும் இருக்காது. தனித்தனி ஃபோல்டரில் இருந்தவரை ஒரு மேட்டுக்காட்டுக்கும் இன்னொரு மேட்டுக்காட்டுக்கும் சண்டை இல்லை.

அவற்றில் மல்லசமுத்திரத்துப் பக்கத்து மேட்டுக்காடுதான் அவள் மனசில் தைத்த முள். அந்தக் காட்டுப் பையன் குணசீலன், வயது முப்பத்தொன்பது. கோழிப்பண்ணை வைத்திருக்கிறான், குடி கிடையாது, வம்பு கிடையாது, பெண்ணும் கிடைக்கவில்லை. அவன் அம்மா மாரக்காள் ஒவ்வோர் அமாவாசைக்கும் சுரைக்காயோ பீர்க்கங்காயோ ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவாள். “எங்க பையன் அதுல இருக்கறானுங்களா அம்மிணி?” என்று கேட்பாள். மஞ்சுளா தாளைத் திறந்து காட்டுவாள். திரையில், நிறைய முடியோடு முப்பது வயதுக் குணசீலன் நிற்பான். மாரக்காள் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, “இருக்கட்டும் சாமி” என்று படி இறங்கிப் போவாள். அவ்வளவு நேரம் நின்ற மனுஷிக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இல்லையே என்று மஞ்சுளாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

இந்த ஆண்டு பழைய கம்ப்யூட்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. காலையில் அழுத்தினால் மதியம் விழித்தது. அதைப் ‘பொட்டி’ என்றுதான் அவள் சொல்வாள். “பொட்டிக்கு வயசாயிப் போச்சுங்க” என்று எல்லோரிடமும் புலம்பிவிட்டு, சேலத்தில் கடை வைத்திருக்கும் சிவபிரகாஷிடம் புதிது சொன்னாள். பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுப்பதாகப் பேச்சு. அவன் கொண்டுவந்து, நல்ல நேரம் பார்த்து, அவள் சந்தனப் பொட்டு வைக்கும் வரை காத்திருந்து மாட்டிக் கொடுத்தான். வரன் பார்ப்பதற்கென்றே வந்திருக்கும் ஒரு புது மென்பொருளையும் போட்டுக் கொடுத்தான். எல்லாத் தாளும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் அதுவே வயது, நட்சத்திரம் பார்த்துப் பிரித்துத் தரும் என்றான். “பழசுல இருக்கறதை நானே ஏத்தித் தர்றேனுங்க அக்கா” என்றும் சொன்னான்.

மஞ்சுளா சம்மதிக்கவில்லை. “பொண்ணுங்க போட்டோ இருக்குதுங்க. நம்பிக் குடுத்திருக்கறாங்க. அடுத்தவங்க கண்ணுல படக் கூடாது” என்றாள். பெண் பிள்ளைகளின் படத்தைச் சொந்தக் கணவனுக்குக்கூட அவள் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கதவைத் தாழிட்டுக்கொண்டு, பென் டிரைவை இந்தப் பொட்டியிலும் அந்தப் பொட்டியிலும் மாற்றி மாற்றிச் செருகி, தானே எல்லாவற்றையும் ஏற்றினாள். பெண்கள் சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்தார்கள். பிறகு ஊர் ஊராக ஆண்களைத் திறந்து, மொத்தமாக அள்ளி, அந்த ஒரே ஃபோல்டரில் கொட்டினாள். இரண்டாவது ஊரிலேயே ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்றது. புதுப் பொட்டி மரியாதை தெரிந்த பொட்டி, ஒவ்வொன்றுக்கும் உத்தரவு கேட்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். “வைங்க, வைங்க” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துக்கொண்டே போனாள்.

அடுத்த நாள் சிவபிரகாஷ் வந்தபோது பக்கத்தில் நின்று, பழைய பொட்டியில் ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் அழிக்கச் சொன்னாள். அழிந்து முடிந்ததைத் தன் கண்ணால் பார்த்த பிறகே அதைப் படி இறக்க விட்டாள்.

அந்த வாரமே, பரமத்திப் பக்கத்திலிருந்து மருதாசலம் என்பவர் பேசினார். அவருடைய மகள் மைதிலிக்கு முப்பத்தைந்து வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். “வயசு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்லீங்க. பண்ணையம் பாக்கற பையன்னாலும் சரி. நல்ல பையனா இருக்கோணும், அவ்வளவுதான்” என்றார். இப்படிச் சொல்லும் பெண் வீட்டை அவள் கண்டு எத்தனையோ காலம் ஆயிற்று. மைதிலியின் கூட்டம் வேறு, குணசீலன் கூட்டம் வேறு, அதனால் அண்ணன் தங்கை முறை வராது, நட்சத்திரமும் இடிக்காது. அவசரத்தில் மேட்டுக்காடு என்ற பெயரை மட்டும் பார்த்தாள், தாளைத் திறந்து பார்க்கவில்லை, அப்படியே அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மருதாசலம் திரும்ப அழைத்தார். குரலே மாறியிருந்தது.

“ஏனுங்கம்மா, நாங்களும் அந்தக் கூட்டந்தானுங்க. அண்ணன் முறையாகிற பையனைக் கொண்டாந்து மாப்பிள்ளைங்கறீங்களே? எங்க ஊட்டுல பொம்பளைங்க காறித் துப்பறாங்க.”

மஞ்சுளா அவசரமாகத் தாளைத் திறந்தாள். சங்ககிரிப் பக்கத்து மேட்டுக்காட்டுப் பையன், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு புல்லட்டில் சாய்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்டு, கெஞ்சி, சரியான ஜாதகத்தை அனுப்புவதாகச் சொன்னாள். “நாளைக்குக் காலையில ஜோசியருகிட்ட ரெண்டு மூணு ஜாதகத்தோட போறோம். அதுக்குள்ள வந்தா இதையும் வெச்சுப் பாக்கறேன். இல்லீன்னா விட்டுருங்க” என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் தேடினாள். மேட்டுக்காடு ஒன்றுதான் இருந்தது. பள்ளக்காடும் ஒன்றுதான். பெயர் ஒத்த காடுகளில் கடைசியாக ஏறியது மட்டும் தங்கி, மற்றதெல்லாம் அதன் அடியில் போயே போய்விட்டிருந்தது. சிவபிரகாஷை அழைத்தாள். “நீங்கதானே அக்கா பக்கத்துல நின்னு அழிக்கச் சொன்னீங்க. இனி அந்தக் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாதுங்க” என்றான். எப்போதோ யாருக்காவது வாட்ஸப்பில் அனுப்பியிருப்போமே என்று துழாவினாள். குணசீலனை யாரும் கேட்டே நெடுநாள் ஆகியிருந்தது. இடையில் ஃபோனும் மாறியிருந்தது. மாரக்காள் அமாவாசைக்கு அமாவாசை வந்து பார்த்துவிட்டுப் போன அந்தப் பிள்ளை உலகத்தில் எந்தப் பொட்டியிலும் இல்லை என்று புரிந்தபோது, மஞ்சுளா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

ஜாதகத்தை ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மேட்டுக்காட்டுக்குப் பஸ் ஏறிப் போனாள். மாரக்காள் வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்தாள். மையத்துக்காரி வீடு தேடி வருகிறாள் என்றால் நல்ல சேதி என்று நினைத்த முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அம்மா, தம்பியோட ஜாதகம், போட்டோ ரெண்டும் எங்கிட்ட இல்லீங்க. பொட்டி மாத்தறேன்னு நானே அழிச்சுப்போட்டேனுங்க.”

மாரக்காள், “நாயித்துக்கெழமை ராத்திரி பூராம் கெனாக் கெனாவா வந்துச்சு சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் மஞ்சுளாவுக்குத் தேவலாம் போலிருந்தது. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் தடவிய ஜாதகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். போட்டோ இல்லை. ஸ்டுடியோவில் எடுத்த பிரதிகளையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார்கள்.

பண்ணையிலிருந்து குணசீலன் வந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

“அந்தப் பழைய போட்டோ எங்கியுமே கெடைக்காதுங்களா அக்கா? அதுல கொஞ்சம்...” என்று கையை நெற்றிக்கு மேலே கொண்டுபோனவன், பாதியில் இறக்கிக்கொண்டான். முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டிருந்தது, தாடியில் நரை.

“இல்லீங்க தம்பி. புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்.”

“முப்பது வயசுல எடுத்ததை அனுப்பியே ஒண்ணும் ஆகலை. இதை அனுப்பி ஆகப் போகுதுங்களா?”

மாரக்காள், “சட்டையை மாத்திக்கிட்டு வா சாமி, பொழுது உழுந்துரும்” என்றாள். அவன் நீலச் சட்டை போட்டு வந்து வேப்ப மரத்தடியில் நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான், கடைசியில் தொங்கவிட்டான். மஞ்சுளா தன் ஃபோனில் எடுத்தாள். எடுத்த படத்தை அவன் வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போனான். மஞ்சுளா மாடிக்குத் திரும்பியதும் புதுத் தாள் ஒன்று போட்டு மருதாசலத்துக்கு அனுப்பினாள். இந்த முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

மறுநாள் மதியம் வரை பதில் இல்லை. பழைய நோட்டில் இருந்த எண்களைப் பார்த்து, தொலைந்துபோன மற்ற காடுகளை ஊர்வாரியாக எழுதிக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் அதே மன்னிப்பு, அதே ஏச்சு. நடுவில் புது எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

“நான் மைதிலி பேசறேனுங்க. மருதாசலம் பொண்ணு. ஜோசியரு பொருத்தம் இருக்குதுன்னுட்டாருங்க. எனக்கு ஒண்ணு தெரியோணும். அந்தப் போட்டோ எப்ப எடுத்ததுங்க?”

இந்தத் தொழிலில் இதற்குச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் வேலை அலைச்சலுங்க, நேரில் பார்த்தால் இன்னும் எடுப்பாக இருப்பாருங்க என்று சொல்லவேண்டும். அது நாக்கு வரை வந்தது. மஞ்சுளா அதை விழுங்கிக்கொண்டாள்.

“நேத்துங்க கண்ணு.”

பொருத்தமும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று மஞ்சுளா முடிவு கட்டிவிட்டாள்.

“இதுவரைக்கும் வந்தவங்க அத்தனை பேரும் போட்டோல ஒரு ஆளு, நேர்ல ஒரு ஆளுங்க” என்றாள் மைதிலி. “நான் கதவோரம் நின்னு இதுல யாரு மாப்பிள்ளைன்னு தேடுவேனுங்க. எனக்கும் வயசாச்சு, நான் மறைக்கலையே. அவரை ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க.”

அழைப்பு முடிந்த பிறகும் மஞ்சுளா ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பெற்றவர், “ஏனுங்க, நல்ல சேதிங்களா?” என்று கேட்டதும்தான் சுதாரித்தாள். மேட்டுக்காட்டு எண்ணை அழுத்தினாள். அங்கே மணி அடிக்கத் தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, மாரக்காள் எடுக்கும் வரை நின்றபடியே இருந்தாள்.