கல்தோமின் சப்பாத்துக்குள் டுரியான்

கல்தோமுக்குத் தொழிற்சாலையில் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, மின்னணுச் சிப்பில் கம்பி ஒட்டும் வரிசையில் முதல் நாற்காலி. மற்றது, அவள் காலுக்கென்றே வளைந்து கொடுத்த ஒரு ஜோடி சப்பாத்து. சட்டப்படி இரண்டும் கம்பெனியுடையவை. அதை அவளிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

பாலிக் பூலா கிராமத்தில் ஜாதிக்காய்த் தோப்புக்காரர் வீட்டில் பிறந்தவள். பள்ளி முடிந்த கையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தாள். தலை முதல் கால்வரை மூடும் வெள்ளை அங்கியை முதல் நாள் கையில் கொடுத்தபோது, "யாரு மௌத்து? கஃபன் துணி குடுக்கறீங்க?" என்று சவத்துணியைப் பார்த்ததுபோலக் கேட்டவள். பேருந்து ஓட்டும் ஹம்சாவைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகளைப் பெற்றாள், வளர்த்தாள், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவுக்கும் நடுவில் அந்த நாற்காலியை மட்டும் விடவில்லை.

அடுத்த ஆண்டு ஓய்வு. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நேரே வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெட்டி கட்டும் கொட்டகையிலிருந்து அல்ல. கொட்டகையில் குளிர்சாதனம் கிடையாது. சப்பாத்துச் சோதனையில் தோற்றவர்களை அங்கேதான் அனுப்புவார்கள்.

நடக்க நடக்க மனித உடம்பில் கொஞ்சம் மின்சாரம் சேரும். நமக்கு உறைக்காது. கல்தோம் கம்பி ஒட்டும் சிப்புக்கோ அது இடி விழுந்த மாதிரி. அந்த மின்சாரத்தைச் சத்தமில்லாமல் தரைக்கு இறக்கிவிடுவதுதான் அந்தச் சப்பாத்தின் வேலை. வாசலில் ஒரு தகடு இருக்கும். ஏறி நின்று பித்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் திறக்காது. ஒரு நாளில் எத்தனை முறை எரிந்தாலும் ஒரு சிவப்புதான் கணக்கு; மாதத்தில் மூன்று சிவப்பு வாங்கினால் கொட்டகை.

கல்தோம் சிவப்பையே பார்த்ததில்லை. வினை தொழுகை அறை வாசலில் வந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போகிறவர்கள் சப்பாத்தை வாசலில் கழற்றிப் போடுவார்கள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வார்ப்பு. வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டாலும் மேற்பார்வையாளர் ஃபௌஸான் பிடித்துக்கொள்வார். ஆகவே முதலில் வருகிறவள் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போவாள். கல்தோமுக்கு இடது பெருவிரல் மூட்டு புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்கு அவள் சப்பாத்து மாதக்கணக்கில் நெகிழ்ந்து இடம் விட்டிருந்தது. அதை இழந்து இன்னொருத்தியின் சப்பாத்தில் நடப்பது அடுத்தவள் புருஷனோடு குடித்தனம் நடத்துவதுபோல என்பாள்.

இரண்டாம் நாற்காலிக்காரி நொராய்னிமேல்தான் அவளுக்குச் சந்தேகம். நொராய்னிக்கு முதல் நாற்காலிமேலும் ஒரு கண் உண்டு. ஆனாலும் மற்றவர்களைப்போல அவளும் கல்தோமை 'காக் தோம்', அதாவது தோம் அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"நொராய்னி, உன் கால்ல இருக்கறது யாரு சப்பாத்து?"

"என்னோடதுதான் காக் தோம். நல்லாத்தானே நடக்குது, பாருங்க."

"நடக்கும் நடக்கும். என் சப்பாத்துக்கு இங்க எல்லா வழியும் தெரியும்."

அன்று மாலை பேத்தியின் ஒட்டுப்படங்களில் பெரிதாக இரண்டை உரித்தாள். பளபளக்கும் பிளாஸ்டிக்கில் முள்ளும் சிரிப்புமாக டுரியான் பழம். மறுநாள் வேலை முடிந்ததும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்து, இரண்டு சப்பாத்துக்குள்ளும், சரியாகக் குதிகால் படும் இடத்தில், அழுத்தி ஒட்டினாள். வெளியே தெரியாது, காலை விடுமுன் எட்டிப் பார்த்தால் தன்னுடையது எது என்று தெரிந்துவிடும்.

ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி வகுப்பில் காலுக்கும் சப்பாத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் கூடாது என்று ஒப்பித்துக் கைதட்டு வாங்குகிறவள் அவள்தான். டுரியான் படம் அந்தப் பாடத்தில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த நாள் காலை தகட்டில் ஏறினாள். சிவப்பு. இறங்கி ஏறினாள். சிவப்பு.

"மெஷினு கெட்டுப்போச்சு, பூன்."

வாசல் சோதனையைக் கவனிக்கும் பூன் கியாட் தான் ஏறி நின்று காட்டினார். பச்சை.

"மெஷினுக்கு உங்கமேல என்ன கோபமோ காக் தோம். நேத்து திட்டினீங்களா?"

பின்னால் வரிசை சிரித்தது. ஆண்கள் அளவில் ஒரு ஜோடியை இரவல் கொடுத்தார் பூன் கியாட். அன்று முழுக்கக் கல்தோம் படகில் நிற்பவள்போல் நடந்தாள்.

பக்கத்து வரிசை கெய்க் லியான் அவளுக்கு நெடுநாள் தோழி. சாப்பாட்டு மேசையில் தோழியின் குதிகாலைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"அய்யோ தோம், இது காலா, வறண்ட வயலா? தோல் இப்படிக் காஞ்சா மின்சாரம் எப்படி இறங்கும்? எண்ணெய் தடவு."

வறண்ட தோல் சோதனையைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தண்ணீர்ப்பசையுள்ள களிம்பு போதும். கல்தோம் அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயைக் காலில் ஊற்றிக்கொண்டு வந்தாள். சிவப்பு. அதோடு தகடும் வழுக்கியது. அடுத்து ஏறிய பெண் பூன் கியாட்டின் மேசையில் போய் உட்கார்ந்தாள்.

"இது ரெண்டாவது காக்," என்றார் அவர். "இன்னொண்ணு எரிஞ்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பயந்துபோன கல்தோம் மறுநாள் காலுறையைக் குழாயடியில் நனைத்துப் போட்டுக்கொண்டாள். பச்சை! ஈரம் டுரியான் படத்தின் ஓரமாக மின்சாரம் இறங்க வழி கண்டுபிடித்துவிட்டது. அவளோ தன் வைத்தியம் பலித்ததாக நினைத்தாள். அந்த வாரம் முழுக்க, குளிரூட்டிய அறையில், ஈரக் காலோடு வேலை. புத்தியுள்ளவர்கள் செய்யும் காரியமல்ல. விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது, மூக்கு ஒழுகியது, நுண்ணோக்கியில் குனியும்போதெல்லாம் தும்மல் வந்தது. நாற்காலி மட்டும் அவளிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை, வெளிநாட்டு வாடிக்கையாளர் வரிசையைப் பார்க்க வந்தார். அன்று தொழுகை முடிந்து கல்தோம் கடைசியாக வெளியே வந்தாள். வாசலில் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். உள்ளே டுரியான் இல்லை. திட்டிக்கொண்டே மாட்டிக்கொண்டு ஓடினாள்.

சோதனை வாசலில் கூட்டம். தகட்டின்மேல் நொராய்னி நின்றாள். சிவப்பு. மறுபடி அழுத்தினாள். சிவப்பு. ஃபௌஸானின் முகமும் ஏறக்குறைய அதே நிறத்துக்கு வந்தது.

"விருந்தாளி முன்னாடியா? நேரா கொட்டகைக்குப் போ!"

"இருங்க." பூன் கியாட் குனிந்து நொராய்னியின் சப்பாத்தைக் கழற்றி உள்ளே கையை விட்டார். கை வெளியே வந்தபோது விரல்நுனியில் ஒரு டுரியான் சிரித்தது.

"யாரோட தோப்பு இது?"

"எனக்கு டுரியான் வாசனையே ஆகாது! ஊருக்கே தெரியும்!" என்று நொராய்னி அழத் தொடங்கினாள்.

கல்தோமுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. எண்ணெய், ஈரம், தும்மல், எல்லாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: மூன்றாவது சிவப்பும் இல்லை, நாற்காலிக்குப் போட்டியும் இல்லை. ஆனால் நொராய்னி அந்தச் சப்பாத்தோடு கொட்டகைக்குப் போய்விட்டால்? புடைப்புக்கு இடம் விட்ட சப்பாத்து திரும்பி வராது.

"என்னோடது," என்றாள். "அழாதடி, மூக்கு ஒழுகுது. ஃபௌஸான், அவ சிவப்பை என் கணக்குல போடு. கொட்டகைக்கு நானே போறேன். சப்பாத்தை மட்டும் குடுத்துடு."

ஃபௌஸான் வாயைத் திறப்பதற்குள் வரிசையின் நடுவில் ஒருத்தி சப்பாத்தைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்திரியை உரித்தாள். அடுத்தவள் சட்டைப் பித்தானை எடுத்தாள். இன்னொருத்தி பூப்போட்ட நாடாவை இழுத்தாள். பல பெண்கள் குனிந்தார்கள். எல்லோருக்கும் உள்ளே ஓர் அடையாளம் இருந்தது. சின்னதாக, ஓரமாக வைத்ததால் பச்சையில் தப்பியவர்கள். கல்தோம்தான் குதிகாலளவுக்கு டுரியான் வைத்தவள்.

"இவங்க எல்லாரையும் அனுப்பினா," என்றார் பூன் கியாட், "கம்பி ஒட்ட நீங்களும் நானும்தான் உக்காரணும்."

அதே நேரம் பின்னால் 'டிங்' என்றது. மின்சாரத்தைத் தரைக்கு இறக்க விருந்தாளிகள் சொந்தச் சப்பாத்தில் கட்டிக்கொள்ளும் பட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருக மறந்து, வால்போலத் தொங்கவிட்டபடி வாடிக்கையாளர் தகட்டில் ஏறியிருந்தார். சிவப்பு. அவரைக் கொட்டகைக்கு அனுப்புவது யார்?

ஃபௌஸான் நெற்றியைத் தேய்த்தார். "எல்லாரும் உரிங்க. இன்னிக்கு யாருக்கும் சிவப்பு இல்ல. திங்கட்கிழமை தொழுகை அறை வாசல்ல பேர் போட்ட சப்பாத்து அடுக்கு வந்துடும். காக் தோம், நின்னுக்கிட்டு என்ன பாக்கறீங்க? போய் உங்க இடத்துல உக்காருங்க!"

கல்தோம் போய் உட்கார்ந்தாள். அவள் சப்பாத்து பூன் கியாட்டின் மேசையில் பசை துடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. இரவல் ஜோடியில் தத்தளித்தபடி வந்து நின்றாள் நொராய்னி.

"காக், நீங்க போட்டிருக்கறது என் சப்பாத்து."

"தெரியும். நல்லாத்தான் இருக்கு. விரல்தான் கொஞ்சம் இடிக்குது."

"எப்ப தருவீங்க?"

"வேலை முடியட்டும்," என்று நுண்ணோக்கியில் குனிந்தாள் கல்தோம். "அதுவரைக்கும் நீ நாற்காலியைப் பாக்காத, நான் சப்பாத்தைப் பத்திரமா பாத்துக்கறேன்."