ஏழாம் ஆணியில் இரண்டு கயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. நான் சொல்லும் கதைகளில் பாதி பொய், மீதிப் பாதி பெரிய பொய் என்று எங்கள் படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு திருடனைத் தும்மியே விரட்டிய கதையைச் சொல்லி எத்தனையோ டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். இந்தக் கதைக்கு யாரும் டீ வாங்கித் தர வேண்டாம். நீங்கள் இதை நம்பாமல் போனால் எனக்குத்தான் நல்லது.

நான் அங்கே இரவுக் காவலாளி. பன்னிரண்டு ஃபைபர் படகுகள், ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு எஞ்சின். படகைத் திருடிக்கொண்டு எவன் அலைவான்? திருட்டுப் போவதெல்லாம் எஞ்சின்தான். இரண்டு திருகைத் தளர்த்தினால் போதும், தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். ஒரே வருடத்தில் மூன்று எஞ்சின் போனபிறகுதான் என்னை வேலைக்கு வைத்தார்கள். திருகுகளின் மேல் பூட்டு, எஞ்சினிலிருந்து கம்பத்துக்குச் சங்கிலி. இதெல்லாம் போதாதென்று நானாக ஒரு ஏற்பாடு செய்தேன். அதுதான் கயிறு.

படகு ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று உண்டு. அதன் மறுமுனையில் ஒரு கிளிப். எஞ்சினில் உள்ள பட்டனுக்கு அடியில் அந்த கிளிப் செருகியிருந்தால்தான் எஞ்சின் ஓடும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு கிளிப்பைப் பிடுங்கிவிடும், எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். ஆளைக் காப்பாற்ற வைத்த கயிறு அது. நான் அதை எஞ்சினைக் காப்பாற்ற வைத்துக்கொண்டேன். சாயங்காலம் படகுகள் வந்ததும் எல்லாக் கயிற்றையும் வாங்கி, என் அறைப் பலகையில் அடித்திருந்த பன்னிரண்டு ஆணிகளில் வரிசையாக மாட்டுவேன். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன்.

ஒரே ஒரு நாள் எண்ணவில்லை. அன்று சீட்டாட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை 5:40. ஏழாம் ஆணி காலி.

ஏழாம் நம்பர் படகு விசிலுடையது. அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருட்டில் துறைக்கு வரும்போது இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று விசிலடித்துக்கொண்டே வருவான், திருடன் என்று நினைத்து நான் கம்பால் போட்டுவிடக் கூடாதே என்று. அன்றும் அப்படித்தான் வந்தான்.

"பெருசு, என் கயிறு எங்க?"

தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காவல்காரனிடமிருந்தே பொருள் காணாமல் போனால் துறையே கைகொட்டிச் சிரிக்கும்.

"அறுந்துபோச்சுப்பா. தூக்கிப் போட்டுட்டேன். இன்னிக்குப் புதுசு வாங்கி வெச்சிடறேன்."

"அறுந்துச்சா? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு!"

"உன் மூஞ்சிகூடப் போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு."

சிரித்துவிட்டான். நான் குனிந்து, பட்டனுக்கு அடியில் நைலான் நூலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஒரு நாள்தானே," என்றேன்.

"ஒரு நாள்தானே," என்று கிளம்பிப் போனான்.

மாலை 5:20. துறைக்கு நேர் எதிரே, தண்ணீருக்குள் கிடந்த ஏதோ மரத்தில் படகு மோதியது. விசில் தூக்கி எறியப்பட்டான். எஞ்சின் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடிக்க ஆளில்லாத படகு நேராகப் போகாது, வட்டமடிக்கும். வட்டமடித்து அவன் விழுந்த இடத்துக்கே வந்தது. மறுபடி வந்தது. யாராலும் பக்கத்தில் போக முடியவில்லை. பெட்ரோல் தீரும்வரை நாற்பது நிமிடம் சுற்றியது. நான் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகை இழுத்து வந்து கட்டினார்கள். எஞ்சினுக்குச் சங்கிலி போடுவது என் வேலை. அதனால் முதலில் ஏறியவன் நான். நூலை அறுத்துத் தண்ணீரில் போட்டேன். மத்தியானம் வாங்கிய புதுக் கயிறு பையில் இருந்தது. கிளிப்பைச் செருகி, மறுமுனையைத் தொங்கவிட்டேன். பிறகுதான் சங்கச் செயலாளர் வந்தார்.

"பாருங்கய்யா. கயிறு இருக்கு. கையில மாட்டலை. என்ன அசட்டை!" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கடைசியாக நிறுத்தியவன் நான்தான்.

அவன் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் அவள் காதுபடவே அதைச் சொன்னார்கள். நாலாம் நாள் துறைக்கு வந்தாள்.

"பெரியப்பா, ஒரு நாள்கூட அவர் மாட்டாம போனதில்லையே. அன்னிக்கு மட்டும் ஏன் மாட்டலை?"

"விதிம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு பதினைந்து இரவுகள் ஒன்றுமில்லை. பதினாறாவது இரவு...

மணி 2:10. பிளாஸ்க்கில் இருந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

விசில் சத்தம். இரண்டு குட்டை... ஒரு நீளம்.

பாதைப் பக்கமிருந்து வரவில்லை. தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது.

"யாரு?"

2:12-க்கு எஞ்சின் சத்தம் கேட்டது. கிட்டே வந்தது... தூரப் போனது... மறுபடி கிட்டே வந்தது. எங்கேயும் போகிற படகின் சத்தம் இல்லை. வட்டமடிக்கிற சத்தம்.

அறையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். தண்ணீரில் டார்ச் அடித்தேன். ஒரு படகும் இல்லை. சத்தம் மட்டும் சுற்றியது.

கட்டிய படகுகளை எண்ணினேன். பன்னிரண்டு. எல்லாம் இருந்தன. ஆனால் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. காற்று துளிகூட இல்லை.

ஏழாம் படகுக்குப் போனேன். பூட்டு இருந்தது. சங்கிலி இருந்தது. எஞ்சின் மூடியின் மேல் கை வைத்தேன்.

சுட்டது.

ஓடும்போது எஞ்சின் தண்ணீர் பீய்ச்சும் பக்கத்துத் துளையிலிருந்து... சொட்... சொட்...

கிளிப் இல்லாமல் எஞ்சின் ஓடாது. கிளிப் எல்லாம் என் அறையில் இருக்கிறது. கிளிப் இல்லாமல் ஓடவைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்.

பட்டனுக்கு டார்ச் அடித்தேன். நூல் இல்லை.

2:52. சத்தம் நின்றது. பெட்ரோல் தீர்ந்தது போல.

திரும்பி வந்தேன். பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். ஆணிகளைப் பார்த்துக் கயிறுகளை எண்ணினேன்.

பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன்.

பதின்மூன்று.

ஏழாம் ஆணியில் இரண்டு. ஒன்று நான் வாங்கிய புதுசு. இன்னொன்று பழசு. கிளிப்பை ஒட்டி நீல டேப் சுற்றியிருந்தது. விசில் சுற்றிய டேப்.

நனைந்திருந்தது. தரையில்... சொட்... சொட்...

மணிக்கட்டு முனையைக் கறுப்பு நூலால் சின்ன வளையமாகக் கட்டியிருந்தது. இரண்டு முடிச்சு. கையை நுழைத்துப் பார்த்தேன். நாலு விரல் போயிற்று. அதற்குமேல் போகவில்லை.

விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பலகைக்கு முதுகைக் காட்டவில்லை.

காலை 6:30. கயிற்றைத் துணியால் நன்றாகத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கயிற்றில் ஆரம்பித்தேன்.

"அவனோட பழைய கயிறு... நீல டேப் சுத்தினது..."

"அதுவா பெரியப்பா? முந்தின நாள் போட்ட பேண்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. அவர் போன அன்னிக்கு அவருக்கு மாத்தத் துணி எடுக்கறப்பதான் பார்த்தேன். உங்ககிட்ட குடுக்க மறந்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டார்போல. அன்னிக்கு நீங்க வேற குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

பாக்கெட்டில்! காணோம் என்று ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால், தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பான். பத்து நிமிடத்தில் கயிற்றோடு திரும்பியிருப்பான். அறுந்துபோச்சு என்றேன். அதனால் அவன் தேடவேயில்லை.

"இப்ப எங்கம்மா அது?"

"அவர்கிட்டதான்." மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மாட்டாம போனான், மாட்டாம போனான்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. குழியில இறக்கறதுக்கு முன்னாடி நானே அவர் கையில கட்டிவிட்டேன். பட்டன் தைக்கற கறுப்பு நூல். ரெண்டு முடிச்சு. அறுத்தாதான் உண்டு."

பையில் இருந்த செய்தித்தாள் ஊறிப்போய், சட்டையைத் தாண்டி என் மார்பில் தண்ணீர் இறங்கியது. துடைத்துத்தான் வைத்திருந்தேன்.

எடுத்து மெஷின் பலகையில் வைத்தேன். அவள் முடிச்சுகளைப் பார்த்தாள். மெஷின் நின்றது.

சீட்டாட்டத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ, இருந்திருந்தா மாட்டியிருப்பார்?"

"மாட்டியிருப்பாம்மா."

அன்று சாயங்காலமே துறையில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். முதலில் சிரித்தார்கள், வழக்கமான கதை என்று. நான் முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. சாவியைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கல்லறைக்குப் போய்ப் பார்த்தேன். மண் கலையவில்லை. மேலே புல்கூட முளைத்திருந்தது.

இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கயிற்றை அவள் வீட்டுக்குள் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாளாம். வழியில் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். போன வாரம் மட்டும் நின்றாள். பெரியப்பா என்று கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

"இன்னும் காயலை."